ஆன்றோவின் வலது முட்டு

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்கேன் எடுக்கிற அந்தப் பெண் போனாள். அரை மணி நேரம், மிஞ்சிப் போனால் நாற்பது நிமிஷம், காலை மட்டும் ஆட்டாமல் கிடந்தால் போதும் சார், மூச்சு தாராளமாக விட்டுக்கலாம் என்றாள். மூச்சு விடுவதற்கே இங்கே ஒருத்தர் உத்தரவு தர வேண்டியிருக்கிறது. வலது முழங்காலை வெள்ளைப் பிளாஸ்டிக் கூண்டு ஒன்றுக்குள் வைத்து, இரண்டு பக்கமும் ஸ்பஞ்சுத் துண்டு திணித்து, பட்டை போட்டு இறுக்கினாள். கழுத்துச் சங்கிலியையும் கல்யாண மோதிரத்தையும் வெளியே ஒரு தட்டில் கழற்றி வைத்தாயிற்று. காதை மூடி ஒரு ஹெட்ஃபோன். இடது கையில் ஒரு ரப்பர் குமிழ். பயமா இருந்தா, ஏதாவது அவசரம்னா இத அமுக்குங்க, நிறுத்திடுவேன், ஆனா நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்துதான். பலகை நகர்ந்தது. கால் முதலில் போனது, பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சில் பாதி, தலை மட்டும் வெளியே மிஞ்சியது. கோயிலிலிருந்து சவப்பெட்டியைத் தூக்கிப் போகும்போதும் காலை முன்னே விட்டுத்தான் தூக்குவார்கள் என்று வென்சிலாஸுக்கு நினைவு வந்தது, வேண்டாம் என்று அதைத் தள்ளினான். அப்போதுதான் நவாஸ் அண்ணன் கதவருகே தலையை நீட்டினார். கால்பந்து கிளப்பின் பிசியோ. ஐந்து வருஷமாக இந்தக் காலைத் தன் காலைவிட நன்றாகத் தெரிந்தவர், தெரியும் என்று நம்பிக்கொண்டிருப்பவர். "வென்சி, டாக்டர் ஒரு வேலை குடுத்துருக்கார்டா. பழைய ரிப்போர்ட்டு, ஃபிலிமு, எதனா ஒங்க வீட்ல கெடக்குதான்னு அம்மாவாண்ட கேக்கச் சொன்னார். நீ உள்ள இருக்கற நேரத்துல பேசி முடிச்சிடறேன். நம்பர் நம்ம ஃபாரத்துலயே கீது." ஹெட்ஃபோனுக்கு மேலாக அது பாதி கேட்டது, பாதி அவர் வாயசைவில் புரிந்தது. அண்ணே என்று இவன் சொன்னது இவனுக்கே கேட்கவில்லை. ஐஸ் கம்பெனிக் கதவு மாதிரி கனத்த கதவு அது, மூடும்போது காற்றையும் சேர்த்து அழுத்தி மூடிற்று.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தட்டல், இன்னொன்று, பிறகு விடாமல். படகு எஞ்சினைக் குளிரில் கிளப்பும்போது இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளுமே, அப்படி. இன்றைக்கு என்ன கிழமை? அம்மா போனை எடுப்பாளா மாட்டாளா என்பது அதில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோணியார் குருசடிக் கோயிலில் நவநாள் செபம், பத்தரைக்குப் போனால் கஞ்சி வாங்கிக்கொண்டு பன்னிரண்டரைக்குத்தான் வருவாள், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள், புனிதருக்கு முன்னால் போன் அடிப்பது மரியாதையில்லை. மற்ற கிழமை என்றால் இரண்டாவது மணிக்கு மேல் அவள் அடிக்க விடமாட்டாள். அந்தப் புயலுக்குப் பிறகு வந்த பழக்கம் அது. கடலோரக் காவல்படையிலிருந்து சேதி வரும், கலெக்டர் ஆபீஸிலிருந்து வரும், எங்கேயோ ஒரு தீவில் கரையேறிய தம்பி யார் போனையாவது வாங்கிப் பேசுவான் என்று ஐந்து வருஷமாக அந்த போனை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறாள். இன்றைக்கு என்ன கிழமை. ஆடுகிறவனுக்குக் கிழமை கிடையாது, மேட்ச் நாள், மேட்சுக்கு முந்தின நாள், மேட்சுக்கு மறுநாள், அவ்வளவுதான். மூன்று வாரமாக அதுவும் இல்லை. நேற்று என்பது டாக்டர் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்த நாள். முந்தாநாள் என்பது மனைவி பிரின்சி போனை எடுக்காத நாள், அதற்கு முந்தின நாளும் பிரின்சி போனை எடுக்காத நாள், ஆகவே அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை, அந்த ஞாயிறு எத்தனை நாளைக்கு முன்னால்? குமிழை அமுக்கினால் நிற்கும். அமுக்கி, நவாஸ் அண்ணே, போன் பண்ணாதீங்க என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்குப் பதில் சொல்வதானால் முதலிலிருந்துதான் சொல்லவேண்டும்.

நேற்று டாக்டர் அதிகம் பேசவில்லை. எப்ப விழுந்தே என்றார். மூணு வாரம் சார், பிராக்டீஸ்ல, யாரும் மோதல, தானா மடங்கிடுச்சு. அதுக்கு முன்னால? இல்ல சார். எப்பவுமே இல்லையா? இல்ல சார். அவர் தொடையை ஒரு கையாலும் கெண்டைக்காலை ஒரு கையாலும் பிடித்து, சாவி திருப்புகிற மாதிரி ஒரு திருப்புத் திருப்பினார். உள்ளே ஏதோ வழுக்கி, இடம் தவறி, மறுபடி வந்து உட்கார்ந்தது. நீ ஒண்ணு சொல்றே, ஒன் முழங்கால் வேற ஒண்ணு சொல்லுது என்றார் சிரிக்காமல். ஜவ்வு இப்போது கிழிந்தது என்றால் கிளப்பே அறுவை செய்யும், ஒன்பது மாதம், பிறகு மறுபடி பந்து. பழைய கிழிசல், மறைத்து ஆடியது என்றால், ஒவ்வொரு வருஷமும் முன்காயம் ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் இருக்கிறது, ஐந்து தாள், அத்தோடு சரி. இருபத்தொன்பது வயதில் மறைத்தவன் என்ற பெயரோடு வருகிற விங்கரை எந்தக் கிளப் எடுக்கும். ஸ்கேன் எடுத்தாலும் சில சமயம் தீர்மானமாகச் சொல்ல முடியாது, பழைய ஃபிலிம் இருந்தா பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம், இல்லேன்னா ஒனக்கு சாதகமாத்தான் எழுதணும் என்று டாக்டர் சொன்னார். ஒனக்கு சாதகமா. அந்த வார்த்தையைத்தான் இரவெல்லாம் நாக்கில் போட்டுச் சப்பிக்கொண்டு கிடந்தான். பழைய ஃபிலிம் இல்லை. யாரும் கொண்டுவந்து பக்கத்தில் வைக்க முடியாத இடத்தில் அது இருக்கிறது. சிமென்ட் பூசி, மேலே பெயர் எழுதி.

பெயர். எல்லாம் பெயரிலிருந்துதான். இந்தச் சத்தம் இப்போது மாறிவிட்டது, எஞ்சின் இல்லை, செண்டை, செண்டைகூட இல்லை, காலரியில் பலகையைக் காலால் உதைக்கிற சத்தம். மலப்புறம் பக்கத்தில் அறுத்து முடித்த வயலைச் சுற்றிக் கமுகந்தடியால் காலரி கட்டுவார்கள், ஆளுக்கு மேல் ஆளாக உட்கார்ந்து அந்த இரும்புமில்லாத மரமுமில்லாத தடியைக் குதிகாலால் உதைத்தால் கோல் விழுவதற்கு முன்னாலேயே தரை அதிரும். செவன்ஸ், பக்கத்துக்கு ஏழே பேர், சின்ன மைதானம், மூச்சு வாங்க நேரமில்லாத ஆட்டம். இருபத்துநாலு வயதில் சென்னை கிளப் இவனை எடுத்திருந்தது. எடுத்து, பெஞ்சில் உட்காரவைத்திருந்தது. பதினோரு மேட்ச், பதினோரு முறை நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு கோட்டோரம் குதித்துக் குதித்துச் சூடேற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். கிளப்பில் கையெழுத்துப் போட்டவன் வெளியே ஆடக்கூடாது. ஆனால் ஆடுகிறவர்கள் உண்டு, வேறு பெயரில். லீவு கிடைத்த பத்து நாளில் பஸ் ஏறிப் போனான். டீம் மேனேஜர் கோயா, வெற்றிலை வாயோடு நோட்டீஸ் அச்சடிக்கிறவனிடம் பேசிக்கொண்டிருந்த போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பி, எந்தா பேரு வைக்கேண்டது மோனே என்று கேட்டார். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சினிமாப் பெயர் ஏதாவது சொல்லியிருப்பான். ஆன்றோ என்றான். வாயில் முதலில் வந்த பெயர் தம்பியின் பெயர், வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்ட பெயர், அது வந்தது. மைக்கில் அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் தமிழ்நாட்டின்றே ஆன்றோ, ஆன்றோ, ஆன்றோ என்று அலறினார்கள். காலரி உதைத்தது. அந்த ஒரு வாரம்போல அதற்கு முன்னும் பின்னும் இவன் ஆடியதில்லை. நிஜப் பெயரில் அப்படி ஒரு ஆட்டம் ஆடவேயில்லை.

தம்பி அப்போது கடலில். ஊர்ப் படகுகள் கொச்சியில்தான் பிடிக்கும், நாற்பது நாள் கடலிலேயே தங்கல், சுறாவுக்கு. கரை வந்ததும் போன் பண்ணினான். "எலே அண்ணே, நான் உப்புத் தண்ணியில கெடந்து நாறுதேன், எம்பேர வச்சிட்டு நீ கோலடிக்கியா? பங்கு தா." நோட்டீஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, படகின் வீல் ஹவுஸில் சுக்கானுக்கு மேலே ஒட்டிவைத்தான், ஆன்றோ, தமிழ்நாடு என்று கொட்டை எழுத்தில். படகு ஓட்டுகிற ஸ்ராங்கு கேட்டாராம், ஒனக்கு வல இழுக்கவே ஒழுங்கா வராது, நீ எப்பம்ல பந்தாடின என்று. சொப்பனத்துல ஆடினேன் என்றானாம். அந்தச் சிரிப்பு. முன்பல் இரண்டுக்கும் நடுவே பீடி செருகலாம், அவ்வளவு இடைவெளி. பந்து ஒரு நாளும் ஒழுங்காக உதைத்ததில்லை அவன், கடற்கரையில் ஆடும்போது கோல்கீப்பராக நிற்கவைப்பார்கள், நின்றுகொண்டே அலையைப் பார்ப்பான். இவனுடைய முழங்கால் கிழிந்தது அரையிறுதியில், வெயில் சாயும் நேரம். யாரும் மோதவில்லை. திரும்பினான், கால் திரும்பவில்லை. வயலில் அறுத்த தாளடிக் கட்டை ஒன்று ஷூவைப் பிடித்துக்கொண்டது, முழங்காலுக்குள்ளே டக் என்று ஒரு சத்தம், கடலைத் தோட்டை உடைப்பதுபோல, சின்னச் சத்தம்தான், இந்த மிஷின் போடுகிற சத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வராது. பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் கோயா பதிவு பண்ணினார். பெயர் ஆன்றோ, வயதும் தம்பியுடையதே, இருபத்திரண்டு, ஆண், வலது முழங்கால். திருத்தவில்லை. எப்படித் திருத்துவது, திருத்தினால் சேதி கிளப்புக்குப் போய்விடும். ஃபிலிமின் மூலையில் வெள்ளை இங்கிலீஷ் எழுத்தில் தம்பியின் பெயர் விழுந்தது. கிளப்புக்குப் போன் போட்டு, எனக்கு அம்மை போட்டிருக்கு, ஊர்ல இருக்கேன் என்றான். அம்மை என்றால் யாரும் பார்க்க வரமாட்டார்கள். அம்மாவிடம் கேம்ப்பில் இருக்கேன் என்றான். ஊரிலும் இல்லை, கேம்ப்பிலும் இல்லை, கொச்சி ஹார்பருக்குப் பின்னால் படகுக்காரர்கள் பை போட்டு வைக்கிற அறையில், டீசல் நாற்றத்தில், தம்பியின் பாயில் கிடந்தான்.

சத்தம் நின்றது. ஹெட்ஃபோனில் அந்தப் பெண்ணின் குரல். "நல்லா இருக்கீங்க சார், அசையல. அடுத்தது ஆறு நிமிஷம்." கண்ணை மட்டும் ஒதுக்கிப் பார்த்தால் கண்ணாடி தெரிந்தது, பாதி. அந்தப் பாதியில் நவாஸ் அண்ணனின் சட்டை முதுகு. கை மடங்கியிருந்தது. காதில் வைத்திருக்கிறாரா, தலையைச் சொறிகிறாரா? இன்றைக்கு என்ன கிழமை. கீழே ரிசப்ஷனில் ஒரு காலண்டர் தொங்கியது, அதன் முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான், மேலே இருந்த படத்தைப் பார்த்தான், ஒரு குழந்தையும் ஒரு நாய்க்குட்டியும், கீழே தேதியைப் பார்க்கவில்லை. சத்தம் மறுபடி பிடித்தது. இந்த முறை ஒரே சீராக, ஆணி அடிப்பது போல. ஆணி வேண்டாம். அறையைப் பற்றி நினை. தம்பி அறைக்கு வந்து, இவனைப் பார்த்து, ஒரு நாள் முழுக்கத் திட்டினான், பிறகு படகுக்குப் போய், இந்தத் தங்கல் நான் வரல, ஆளப் பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டு வந்தான். அறையில் கக்கூஸ் இல்லை, வெளியே முப்பது அடி போகவேண்டும். முதுகில் தூக்கிக்கொண்டு போவான், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. "நல்லா சாப்பிட்டுருக்கிய அண்ணே, சூரை கனம் கனக்க. ஒன்னயத் தூக்குனதுக்கு நாலு மீனு தூக்கியிருக்கலாம்." ஐஸ் பெட்டியிலிருந்து உடைத்து வந்த ஐஸைத் துணியில் கட்டி முட்டில் வைப்பான். ஊரில் முழங்காலை முட்டு என்றுதான் சொல்வது. எனக்க முட்டு சும்மா கெடக்கட்டு, எனக்க பேருல ஒனக்க முட்டு போச்சு பாத்தியா என்று சிரிப்பான். ஆறு வாரம். ஆறு வாரத்தில் வீக்கம் இறங்கி, நொண்டாமல் நடந்து, ஒரு நாள் ஹார்பர் காங்கிரீட்டில் பத்தடி ஓடிக் காட்டினான். ஆன்றோ கைதட்டினான். அவனுடைய படகு அவன் இடத்தில் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது, திரும்பி வந்தபோது அந்த ஆளையே வைத்துக்கொண்டது. அதில் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த தங்கலுக்கு ஆன்றோ வேறு படகில் ஏறினான். புயலில் அவனுடைய பழைய படகு, வீல் ஹவுஸில் நோட்டீஸ் ஒட்டிய படகு, லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கி, எட்டாம் நாள் அத்தனை பேரோடும் வந்து சேர்ந்தது. மற்றது வரவில்லை. இதை எத்தனை தடவை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இப்படித்தான் இருக்கிறது. தாளடிக் கட்டை, முட்டு, ஆறு வாரம், வேறு படகு. எந்த இடத்தில் கை வைத்தாலும் சங்கிலி அறுவதில்லை.

அசையாமல் கிடப்பது இவனுக்கு வராது. சின்ன வயதில் காலில் முள் எடுக்க உட்கார்ந்தால் அம்மா முதுகில் ஒரு அறை வைத்துவிட்டுத்தான் தொடங்குவாள், அசையாம கெடல, மீனாட்டம் துள்ளுதியே. ஆன்றோ அசையாமல் கிடப்பான். கொச்சி அறையிலிருந்து அவனுடைய பையைக் கூட்டாளிகள் ஊருக்குக் கொண்டுவந்தபோது வீட்டில் கூட்டம். இரண்டு சட்டை, ஒரு கைலி, ஜெபமாலை, சோப்பு டப்பா, எல்லாம் வந்த பிறகு அடியிலிருந்து அந்தப் பெரிய பழுப்பு உறை. அம்மா உருவினாள். ஃபிலிம் வளைந்து சடசட என்று ஒரு சத்தம் போட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இது என்னது ஃபாதர்? பங்குத்தந்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூலையில் வாசித்தார். ஆன்றோ, இருபத்திரண்டு வயது, வலது முழங்கால். ஸ்கேன் எடுத்திருக்கான், முட்டுல ஏதோ கோளாறு. அம்மா ஃபிலிமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, எனக்க மோனுக்கு முட்டு வலியா, வலியோடயா போனான், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே என்று தொடங்கினாள். தொடங்கியது நிற்கவில்லை. அந்த நேரம். அந்த நேரத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறான். இரண்டடி தூரத்தில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் பாரம் கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தான். அது என் முட்டு அம்மா. நாலே வார்த்தை. கூட்டத்தில் யாராவது கிளப்புக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தான், இப்போது நினைத்தால் அதுதான் முதலில் வந்தது, அம்மாவின் முகம்கூட இரண்டாவதுதான். அதைத்தான் பிரின்சியிடம் மட்டும் சொன்னான், கல்யாணமான மூன்றாம் வருஷம். முதலில் வந்தது கிளப்தான் பிரின்சி. அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க என்றாள் அவள். அன்றிலிருந்து அதையே சொன்னாள். இவன் மாத்திரை விழுங்கினான், டாக்டருக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டான், மேட்ச் தோற்றால் சுவரில் குத்தினான், ஜெயித்தாலும் குத்தினான். போன மாதம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒங்க முட்டுகூடவே குடித்தனம் நடத்துங்க என்று சொல்லிவிட்டு அவள் தாய்வீட்டுக்குப் போனாள். ஆட்டோவில் ஏறும்வரை திரும்பிப் பார்ப்பாள் என்று இருந்தான்.

உடல் கிடைக்காதவர்களுக்கு ஊரில் பெட்டி வைத்தார்கள். பெட்டியில் துணிமணி, போட்டோ, சிலுவை. ஒரே நாளில் பதினாலு பெட்டி. தூக்குகிறவர்கள் தோளில் கனமே இல்லாமல், காற்றில் தள்ளாடி நடந்தார்கள். ஆன்றோவின் பெட்டியை மூடப் போகும்போது அம்மா கையை நீட்டி நிறுத்தினாள். ஃபிலிமைக் கொண்டுவந்தாள். எல்லாவளும் வெறும் சட்டய வச்சிக் குழியில பூத்துதா, எனக்க பிள்ளைக்க எலும்பு எங்கிட்ட இருக்கு, எலும்பு இருக்குல்லா ஃபாதர் என்றாள். ஃபாதர் தலையை ஆட்டினார். சட்டைக்குக் கீழே, கைலிக்கு மேலே, வலது முட்டு எங்கே வருமோ அந்த இடம் பார்த்து, அளந்து, வைத்தாள். தடவிக்கொடுத்தாள். இனி அசையாம கெட மோனே என்றாள். மூடினார்கள். பெட்டியின் முன்பக்கத்து ஒரு பிடி இவன் தோளில் இருந்தது, தன்னைத் தானே தூக்கிக்கொண்டு போகிறவன்போல மணலில் கால் புதையப் புதையப் போனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், எல்லாக் கல்லறைக்கும் தலைமாட்டில் ஒரு மெழுகுதிரி, கால்மாட்டில் ஒரு மெழுகுதிரி. ஆன்றோவுக்கு மட்டும் மூன்று. மூன்றாவதை நடுவில், வலப்பக்கமாக, முட்டுக்கு நேரே கொளுத்துவாள். சூடு பட்டா வலி வாங்கும்லா என்பாள். மூன்று நவம்பர் இவன் பக்கத்தில் நின்றிருக்கிறான், மெழுகு உருகி சிமென்டில் இறங்கும்போது இவனுடைய முழங்காலில் சூடு ஏறும், சத்தியமாக ஏறும், டாக்டரிடம் சொன்னால் மனநல டாக்டரிடம் அனுப்புவார். நாலாவது நவம்பர் மேட்ச் இருந்தது. ஐந்தாவது நவம்பர் மேட்ச் இல்லை, இருக்கிறது என்று சொன்னான்.

இப்போது நவாஸ் அண்ணன் கேட்பார். அம்மா, வென்சியோட பழைய ஸ்கேன் ஃபிலிம் எதனா வீட்ல இருக்குதாம்மா, முழங்காலு. அம்மா சொல்வாள், வெகுளியாக, பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்வாள். அவனுக்கு ஒண்ணுமில்ல மக்களே, அவன் முட்டு கல்லு. எளையவனுக்குத்தான் இருந்து. வலது முட்டு. கொச்சியில வச்சி எடுத்தது, அத பெட்டியில வச்சாச்சு. நவாஸ் அண்ணன் மடையன் இல்லை. எந்த மாசம்மா என்று கேட்பார். அந்த மாசம்தான் வென்சிக்கு அம்மை என்று கிளப் நோட்டில் இருக்கிறது. அவர் சும்மா இருந்துவிடலாம். இல்லை, பிசியோ புத்தி, வென்சிக்கு அம்மை போட்டப்ப நீங்கதான பாத்துக்கிட்டீங்க என்று கேட்டுவிடலாம். அம்மையா, அவனுக்கா, எப்பம்? என்பாள் அம்மா. பிறகு பேசாமல் இருப்பாள். அந்தப் பேசாமல் இருப்பதில் எல்லாம் போய்ச் சேரும், அறை, ஆறு வாரம், படகு, எலும்பு. தரைக்குக் கீழே சட்டைக்கும் கைலிக்கும் நடுவே கிடப்பது சென்னையில் உயிரோடு இருக்கிறவனின் முட்டு என்று தெரிந்த பிறகு மூன்றாவது மெழுகுதிரியை அவள் எங்கே கொளுத்துவாள்? அவளுக்கு மிஞ்சியிருக்கிற இளைய பிள்ளை அவ்வளவுதான், ஒரு ஃபிலிம் அளவு. இதையும் பிடுங்கிக்கொள்ளவா. ஒன்பது மாதம் கழித்துப் பந்தைத் தொடுவதற்காகவா. டாக்டர் சாதகமாக எழுதட்டும் என்று கிடக்கலாம். நவாஸ் அண்ணன் போனை மறந்துவிடலாம். நெட்வொர்க் இல்லாமல் இருக்கலாம். இன்று செவ்வாயாக இருக்கலாம், அந்தோணியாரே, தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவரே, இன்றைக்கு ஒரு நாள் கண்டுபிடித்துக் கொடுக்காமல் இரும். ஆணி அடிக்கிற சத்தம். கண்ணாடியில் நவாஸ் அண்ணன் திரும்பினார். காதில் போன் இருந்தது. வாய் அசைந்ததா என்று தெரியவில்லை. வாய் அசைந்தது போலிருந்தது. கை தானாக மூடிக்கொண்டது. குமிழ் முழுக்க நசுங்கி, உள்ளங்கையில் இல்லாமல் போனது.

சத்தம் நின்றது. பலகை வெளியே வந்தது. அந்தப் பெண் ஓடிவந்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "என்ன சார், மூச்சு முட்டுதா? இன்னும் எட்டு நிமிஷம்தான் இருந்துது, நல்லா வந்துட்டிருந்துது." நவாஸ் அண்ணனைக் கூப்பிடுங்க என்றான். அவர் போனை வெளியே மேஜையில் வைத்துவிட்டு, பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார். "இன்னாடா?"

"அம்மாகிட்ட பேசிட்டீங்களா?"

"ரெண்டு தபா அடிச்சேன். ரிங் போவுது, எடுக்கல. ஏன்?"

"எடுக்கலியா?"

"எடுக்கலடா. செவ்வாக்கெழமைல, கோயிலுக்குப் போயிருப்பாங்களோ என்னவோ. அதுக்கா ஆஃப் பண்ணே? முகமெல்லாம் இன்னாடா இப்டி வேத்துக் கொட்டுது."

செவ்வாய்க்கிழமை. அப்படியே விட்டுவிடலாம். வாயை மூடிக்கொண்டு மறுபடி உள்ளே போகலாம், முதலிலிருந்து, ஒனக்கு சாதகமா. ஆனால் பன்னிரண்டரைக்கு அம்மா வீட்டுக்கு வருவாள், இரண்டு தவறிய அழைப்பைப் பார்ப்பாள், பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளக் கூப்பிடாமல் இருக்கமாட்டாள். "அண்ணே, முட்டு பழசு" என்றான். "அஞ்சு வருசம். செவன்ஸ் ஆடப் போனேன், வேற பேருல. அம்மை போடல எனக்கு."

நவாஸ் அண்ணன் கூண்டுக்குள் இருந்த காலையே பார்த்தார். ஐந்து வருஷமாகத் தடவி, நீவி, கட்டுப் போட்ட காலை, யாரோ வழியில் கிடத்திவிட்டுப் போன ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என் கையிலதானடா தெனம் குடுத்தே இத்த" என்றார். பிறகு, "நா இத்த டாக்டராண்ட சொல்லாம இருக்க முடியாது, வென்சி. தெரியும்ல?"

"சொல்லுங்க."

"ஃபிலிம் கீதா?"

"அடக்கம் பண்ணியாச்சு."

"இன்னாது?"

"தம்பி பேருல எடுத்தது. தம்பின்னு நெனச்சி அம்மா பெட்டிக்குள்ள வச்சிட்டா. குழியில இருக்கு." சொல்லி முடித்ததும் குரல் தன்னுடையதாக இல்லை, மைக்கில் கேட்பது போலிருந்தது. "அம்மாகிட்ட மட்டும் கேக்காதீங்க அண்ணே. டாக்டர் என்ன வேணும்னாலும் எழுதட்டும். அம்மாகிட்ட கேக்க வேண்டாம்."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் இருந்த தாளில், பழைய ஃபிலிம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள். "மறுபடி எடுக்கட்டுமா சார்? டாக்டர் முழுசா கேப்பார்." நவாஸ் அண்ணன் தலையாட்டினார். பட்டையை அவரே ஒரு முறை இழுத்துச் சரிபார்த்தார், பழக்கதோஷம், பிறகு வெளியே போனார். பலகை நகர்ந்தது. கால், இடுப்பு, நெஞ்சில் பாதி. இனி இந்தக் காலுக்கு ஒன்றும் ஆவதற்கில்லை, நல்லதாகவும் கெட்டதாகவும். இதன் மேல் யாரும் எதுவும் வைத்து ஆடப்போவதில்லை. பிரின்சிக்குச் சொல்ல ஒரு பாதி இருக்கிறது, அம்மாகிட்ட சொல்லுங்க என்று அவள் கேட்ட பாதி அது இல்லை.

மிஷின் இன்னும் பிடிக்கவில்லை, அந்தப் பெண் மைக்கை மூட மறந்திருந்தாள். ஹெட்ஃபோனில் வெளி அறையின் சத்தம் வந்தது. நாற்காலி இழுபடுவது, ஒரு பேனா விழுவது. பிறகு ஒரு போன், மேஜையில் அதிர்ந்துகொண்டே அடித்தது. ஒரு மணி. இரண்டாவது மணி. எடுத்தார்.

"ஆமாம்மா, நாந்தான், கிளப்லேர்ந்து நவாஸு. பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல." கேட்டுக்கொண்டார். "இல்ல, இல்ல. எதுவும் வேணாம். சும்மாதான் அடிச்சேன். வென்சி உள்ள படுத்துங்கீறான்." அந்தப் பக்கம் அம்மா பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்பது இவனுக்குத் தெரியும், ஒரு வார்த்தை விடாமல் தெரியும். கடைசியில், துள்ளாம கெடக்கானா என்று அவள் கேட்டிருக்கவேண்டும்.

"ஆமாம்மா," என்றார். "அசையாமத்தான் படுத்துங்கீறான்."